கண்ணில் விட்ட துளி: கொச்சியிலிருந்து பார்க்கும் ஸ்டீராய்டின் வரலாறு

கேரளத்தின் பழைய கண் மருந்துகளுள் இளநீர்க்குழம்பு பெயர்பெற்றது. இளநீர், மரமஞ்சள், திரிபலை, அதிமதுரம், கர்ப்பூரம், தேன் முதலியன சேர்த்துக் காய்ச்சும் இம்மருந்தைக் கொச்சி மட்டாஞ்சேரியின் நாட்டுமருந்துக் கடைகள் இன்றும் விற்கின்றன. இதை இமையின் உட்புறம் தீட்டினால் கண் எரியும், நீர் பெருகும், சற்று நேரத்தில் தொண்டையில் ஒரு கசப்பு தோன்றும். கண்ணில் இட்ட மருந்து மூக்கின் வழியே தொண்டைக்கு இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குச் செல்லும் சிறு குழாய் ஒன்று உண்டு. அழும்போது மூக்கு ஒழுகுவதும் அக்குழாயால்தான்.

நாவு உணர்ந்த இந்த உண்மையை நூலும் மருத்துவமனையும் மருந்துக் கடையும் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. கண்ணில் விடும் மருந்து கண்ணோடு நின்றுவிடும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. ஸ்டீராய்டு சேர்ந்த கண் மருந்துகளும் நீரிழிவும் ஒரே உடலில் சந்திக்கும்போது என்ன நிகழ்கிறது என்ற வினா, மக்களில் பெரும் பங்கினர் நீரிழிவோடு வாழும் கொச்சி போன்ற ஊரில் ஏட்டு வினா அன்று. அதன் வரலாறு கொச்சியின் வரலாற்றோடு எதிர்பாராத இடங்களில் பின்னிக் கிடக்கிறது.

கேரள வைத்தியத்தின் ஆதார நூல் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். நூலின் பெயரே மருத்துவத்தை எட்டு அங்கங்களாகப் பகுக்கிறது. கழுத்துக்கு மேற்பட்ட கண், காது, மூக்கு, தலை ஆகியவற்றின் நோய்கள் ஓர் அங்கம். பிரமேகம் எனப்படும் நீரிழிவு, உடல் முழுவதையும் பற்றிய காயசிகிச்சை என்னும் வேறோர் அங்கத்தைச் சேர்ந்தது. கற்பிப்பதற்கு இப்பகுப்பு பயனுடையது. ஆயினும் பகுப்பு ஒரு பழக்கமாக இறுகும்போது, கண்ணைப் பார்ப்பவர் சிறுநீரைப் பாராமலும் நீரிழிவைப் பார்ப்பவர் கண்ணைப் பாராமலும் போகும் வழி திறக்கிறது. இது பழைய மருத்துவத்தின் குறை மட்டும் அன்று. நவீன மருத்துவம் இதே பகுப்பைக் கட்டடங்களாகவே எழுப்பியது.

1663இல் டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். 1670 முதல் 1677 வரை மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ரிக் வான் ரீட், இந்நிலத்தின் மருந்துச் செடிகளைத் தொகுக்க முனைந்தார். சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் அவருக்குச் செடிகளை இனங்காட்டி அவற்றின் பயன்களை உரைத்தனர். இட்டி அச்சுதன் தம் கையால் எழுதிய சான்றுரை 1675 ஏப்ரல் 20ஆம் நாளைத் தாங்கி நிற்கிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ இவர்களது அறிவின் திரட்டு.

அத்தொகுதிகளில் மூன்று செடிகள் இவ்வரலாற்றுக்கு உரியவை. ஒன்று ஊமத்தை. பின்னாளில் கண்மணியை விரிக்கப் பயன்பட்ட அட்ரோபின் அதனுள் உண்டு. அட்ரோபின் துளி விடப்பட்ட குழந்தைக்கு வாய் உலர்வதும், முகம் சிவப்பதும், காய்ச்சல் காண்பதும் கண் மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்த செய்திகள். கண் மருந்து உடலெங்கும் பரவும் என்பதற்கு அது முதற்சான்று. மற்றொன்று காட்டுக்காய்ச்சில் என்னும் காட்டு வள்ளிக்கிழங்கு, டயாஸ்கோரியா இனத்தைச் சேர்ந்தது. மூன்றாவது சண்ணக்கூவை. இதன் கிழங்கில் டயாஸ்ஜெனின் என்னும் பொருள் உண்டென இந்திய ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்டனர். கிழங்குகள் இரண்டும் ஸ்டீராய்டின் கதையில் ஏன் இடம்பெறுகின்றன என்பதை அறிய இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடங்களுக்குச் செல்ல வேண்டும்.

1921இல் டொரொன்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டபின், நீரிழிவு என்பது கணையத்தின் நோய் என்ற எண்ணம் வலுப்பெற்றது. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசே அவ்வெண்ணத்தை அசைத்தார். கணையம் நீக்கப்பட்ட விலங்கில் மூளையடிச் சுரப்பியாகிய பிட்யூட்டரியையும் நீக்கினால் நீரிழிவின் கடுமை தணிகிறது என்று அவர் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். 1947ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. 1936இல் அமெரிக்காவில் லாங், லூக்கன்ஸ் ஆகிய இருவர், கணையம் நீக்கிய பூனைகளில் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளை நீக்கியும் அதே விளைவைக் கண்டனர். ஆக, உடலில் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினுக்கு எதிராக, அதை ஏற்றும் ஏதோ ஒன்று அட்ரீனலில் சுரக்கிறது என்பது தெளிவாயிற்று.

அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுக்கும் பணியில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்ட் கெண்டலும் சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைனும் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் பிரித்தெடுத்தவற்றுள் ஒன்று, பிற்காலத்தில் கார்ட்டிசோன் எனப் பெயர்பெற்றது. 1941இல் டுவைட் இங்கிள் அதே பொருளை நலமுடைய எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் சிறுநீரில் சர்க்கரை இறங்கிற்று. கார்ட்டிசோன் மனிதருக்கு மருந்தாவதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே, அது நீரிழிவைத் தோற்றுவிக்கும் பொருள் என்பது அச்சில் இருந்தது. இவ்வகை ஸ்டீராய்டுகளுக்குக் குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற பெயர் அமைந்ததும் குளுக்கோஸின்மீது அவற்றுக்குள்ள ஆட்சியால்தான். சர்க்கரை ஏறுவது பின்னாளில் தெரிய வந்த பக்க விளைவு என்று கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இம்மருந்தின் குணங்களுள் முதலில் கண்டறியப்பட்டவற்றுள் ஒன்று அது.

1948 செப்டம்பர் 21ஆம் நாள், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு மேயோவில் ஃபிலிப் ஹெஞ்சின் குழு முதன்முதலாகக் கார்ட்டிசோனை ஊசிவழி செலுத்திற்று. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் கிடைத்தது. அறிவியல் உலகம் வியந்தது. ஆயினும் மருந்து அரிது. மாட்டின் பித்தநீரிலிருந்து 30க்கும் மேற்பட்ட வேதிப்படிகளைக் கடந்து அதைச் செய்ய வேண்டியிருந்தது. 1949இல் ஒரு கிராம் 200 டாலர் விலை பெற்றது.

விலையை வீழ்த்தியவை ஒரு கிழங்கும் ஒரு பூஞ்சையும். ரஸ்ஸல் மார்க்கர் என்னும் வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்குகளில் உள்ள டயாஸ்ஜெனினிலிருந்து புரோஜெஸ்டிரோனை மலிவாகச் செய்யும் வழியை 1940களில் கண்டிருந்தார். கொச்சியில் படமாகத் தீட்டப்பட்ட காட்டுக்காய்ச்சிலும் அந்த மெக்சிகோக் கிழங்கும் ஒரே டயாஸ்கோரியா இனத்தவை. ஆனால் புரோஜெஸ்டிரோனைக் கார்ட்டிசோனாக்க, அதன் 11ஆம் கரியணுவில் ஓர் உயிர்வளி அணுவைச் சேர்க்க வேண்டும். வேதியியலாளர்களைத் திணறவைத்த அந்த ஒரு படியை ரைசோபஸ் என்னும் பூஞ்சை எளிதாகச் செய்தது. அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் மர்ரேயும் 1952இல் இதை அறிவித்தனர். பழைய ரொட்டியில் படரும் கரும்பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ரைசோபஸ் அர்ரைசஸ் அவர்கள் பயன்படுத்திய பூஞ்சைகளுள் ஒன்று. சில ஆண்டுகளில் விலை ஒற்றை இலக்க டாலருக்கு இறங்கிற்று. அரிய மருந்து எளிய மருந்தாயிற்று. அப்பூஞ்சையின் பெயர் இக்கதையில் மீண்டும் வரும்.

கண் மருத்துவர்கள் இம்மருந்தை உடனே வரவேற்றனர். 1950இலேயே பால்டிமோரின் ஆலன் உட்ஸ் முதலானோர் கண் அழற்சிகளில் அதன் பயனை வெளியிட்டனர். காரணம் எளிது. கண்ணின் உள்ளழற்சி அந்நாளில் பார்வையைப் பறிக்கும் பெருங்கேடு. கருவிழியிலோ விழியின் நடுப்படலத்திலோ அழற்சி மூண்டால் தழும்பு எஞ்சும், ஒளி மங்கும். கார்ட்டிசோன் அத்தீயை அணைத்தது. அதைக் கண்ணில் துளியாக விட்டாலே போதும் என்பது கூடுதல் நற்செய்தி. உடல் முழுவதற்கும் கொடுத்தால் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். கண்ணுக்கு மட்டும் கொடுத்தால் அக்கேடுகள் இல்லை என்று கருதப்பட்டது. கண்ணோடு நின்றுவிடும் என்ற எண்ணம் இவ்வாறு மருத்துவத்தின் நம்பிக்கையாகவே ஆயிற்று.

அந்நம்பிக்கைக்கு முதல் அடி கண்ணிலிருந்தே வந்தது. 1954இல் பெல்ஜியத்தின் ஜூல் ஃபிரான்சுவா, கார்ட்டிசோன் துளியை நெடுநாள் பயன்படுத்தியோருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறியதை விவரித்தார். 1960இல் முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு உண்டோருக்குக் கண்புரை தோன்றியது பதிவாயிற்று. 1960களின் நடுவில் அமெரிக்காவின் பெர்னார்ட் பெக்கரும் மன்சூர் அர்மாலியும், ஸ்டீராய்டு துளியால் அழுத்தம் ஏறும் தன்மை மக்களில் கணிசமானவர்க்கு உண்டென்றும், ஒரு சிறு பங்கினருக்கு அது மிகக் கடுமையாக ஏறும் என்றும் நிறுவினர். நீரிழிவுடையோர் அவ்வாறு அழுத்தம் ஏறும் வாய்ப்பு மிகுந்தவர் என்று இன்றைய கண் மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன.

அடுத்த அடி வேறொரு மருந்தின் வழி வந்தது. கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் துளி 1978இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1985 வரையிலான காலத்தில் மூச்சும் இதயமும் பாதிக்கப்பட்ட 450 கடுமையான நிகழ்வுகள் அத்துளியோடு தொடர்புடையனவாகப் பதிவாயின. அவற்றுள் 32 மரணங்கள். ஆஸ்துமா உடையவர் கண்ணில் விட்ட ஒரு துளி அவரது மூச்சுக்குழலை இறுக்க வல்லது என்பதை உலகம் அப்போது கற்றது.

இதன் இயக்கம் அளவுகளோடு பார்த்தால் விளங்கும். கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர். கண் தாங்கக்கூடியது 30 மைக்ரோலிட்டர் அளவே. குப்பியிலிருந்து விழும் ஒரு துளியோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். எனவே துளியின் ஒரு பகுதி கன்னத்தில் வழிகிறது. எஞ்சியதன் பெரும்பகுதி இமைக்கும்தோறும் கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்குகிறது. கண்ணுக்குள் உண்மையில் நுழைவது விட்ட மருந்தில் 100க்கு 5 பங்கினும் குறைவு. மூக்கின் உட்தோல் குருதி நாளங்கள் நிறைந்தது. அங்கு உறிஞ்சப்படும் மருந்து, விழுங்கிய மாத்திரையைப் போல முதலில் கல்லீரலைக் கடந்து வலுவிழப்பதில்லை. நேரே குருதியில் கலக்கிறது.

பிரெட்னிசோலோன் 1 விழுக்காடு துளிமருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து உண்டு. ஒரு துளியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம். ஒரு கண்ணில் நாளுக்கு 4 முறை விட்டால் 2 மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதியே குருதியை அடையும். உடல் தானே நாள்தோறும் சுரக்கும் கார்ட்டிசால் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு இணையானது. ஆகவே கண்புரை அறுவைக்குப் பின் சில வாரங்கள் இத்துளியை விடும் பெரும்பாலோருக்குச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரிவதில்லை. ஆனால் கடும் அழற்சியில் இரு கண்களிலும் மணிக்கொருமுறை, 16 மணி நேரம் விடச் சொன்னால் கணக்கு 16 மில்லிகிராமாகிறது. அதில் ஒரு பங்கு குருதியில் சேர்ந்தாலும், கட்டுப்பாடு ஏற்கெனவே தளர்ந்த நீரிழிவாளரின் சர்க்கரையை அசைக்க அது போதும். உடல் எடை குறைந்த குழந்தைகளில், நெடுநாள் ஸ்டீராய்டு துளியால் முகம் பருத்து அட்ரீனல் சுரப்பு ஒடுங்கிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. துளிமருந்தைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. அளவும் காலமும் நோயாளியின் நிலையும் மாறும்போது முடிவும் மாறுகிறது.

கண்ணுக்குத் தரும் ஸ்டீராய்டு துளி மட்டும் அன்று. அழற்சி ஆழத்தில் இருந்தால் கண்ணைச் சுற்றியுள்ள திசுவில் ஊசி போடுவர். அங்கிருந்து மருந்து மெல்லக் குருதிக்குக் கசிவதால் நீரிழிவாளருக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறியே நிற்கலாம். மாத்திரையாக உண்டால் ஏற்றம் இன்னும் தெளிவு. பார்வை நரம்பு அழற்சியில் 3 நாட்கள், நாளுக்கு 1000 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோனைச் சிரைவழி செலுத்தும் முறை 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வுக்குப்பின் பரவியது. அது 1250 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு இணை. நீரிழிவாளருக்கு அதைக் கொடுக்கும்போது மருத்துவமனையில் இருத்தி இன்சுலினோடு கண்காணிப்பது வழக்கம். இம்முறைகளுக்கு மாறாக, விழிக்குள்ளேயே வைக்கும் சிறு ஸ்டீராய்டு வில்லைகள் உடலின் சர்க்கரையைப் பெரிதும் மாற்றுவதில்லை. கண் அழுத்தத்தையும் புரையையும் பற்றிய அச்சம் அவற்றில் மிகுதி.

சர்க்கரை ஏறும் வழி மூன்று. ஸ்டீராய்டு கல்லீரலைத் தூண்டிப் புதிய குளுக்கோஸைச் செய்விக்கிறது. தசைகள் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்த்துக் குளுக்கோஸை வாங்கிக்கொள்வதைத் தடுக்கிறது. கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் தளர்த்துகிறது. காலையில் ஒருமுறை உண்ணும் பிரெட்னிசோலோனின் ஆற்றல் நண்பகலுக்குப்பின் ஓங்கி இரவில் தணிகிறது. ஆகவே சர்க்கரை மதிய உணவுக்குப் பிந்தைய பொழுதிலும் மாலையிலும் ஏறி, விடியலில் இயல்புக்கு வந்துவிடலாம். வெறும் வயிற்றில் காலையில் மட்டும் குருதியைச் சோதிப்பவர் தம் அளவு சரியாக இருப்பதாகவே எண்ணுவார். சோதனை செய்தும் உண்மை மறைந்திருக்கும் நிலை இது.

இவ்வரலாற்றில் கண்ணும் சர்க்கரையும் மிக அருகில் வந்த ஓரிடம் உண்டு. 1953இல் டென்மார்க்கின் யாக்கோப் பௌல்சன், நீரிழிவால் விழித்திரை கெட்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். மகப்பேற்றின்போது அவரது பிட்யூட்டரி சுரப்பி அழிந்துபோயிற்று. அதன்பின் அவரது விழித்திரைச் சிதைவு மறைந்தது. ஹூசே விலங்குகளில் கண்டது மனிதரிலும் நிகழ்ந்துவிட்டது. விழியைக் காக்கும் பொருட்டுப் பிட்யூட்டரியையே அழிக்கும் அறுவைகள் அப்பத்தாண்டில் தொடங்கின. அட்ரீனலை நீக்கியும் பார்த்தனர். 1976இல் அமெரிக்காவின் பேராய்வு ஒன்று லேசர் சிகிச்சையின் பயனை நிறுவியபின் அக்கொடிய அறுவைகள் மறைந்தன.

பார்வையைக் காக்க ஸ்டீராய்டின் ஊற்றை அழித்தவர்களின் வழித்தோன்றல்கள், அடுத்த தலைமுறையில் அதே ஸ்டீராய்டைக் கண்ணுக்குள் செலுத்தினர். 1980இல் ராபர்ட் மாக்கமரின் குழு டிரையாம்சினோலோனை விழிக்குள் செலுத்தும் முயற்சியை முயல்களில் விவரித்தது. 2001இல் ஜெர்மனியின் யோஸ்ட் யோனாஸ் நீரிழிவால் விழித்திரையின் நடுப்புள்ளி வீங்கிய ஒருவருக்கு அதைச் செலுத்திப் பயன் கண்டார். 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் வில்லைக்கு 2014இல் இந்நோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சர்க்கரையை ஏற்றும் மருந்து, சர்க்கரை கெடுத்த கண்ணுக்கே மருந்தாகியது. இதில் முரண் இல்லை. எங்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் நன்மையும் தீமையும் பிரிகின்றன. அக்கணக்கைப் போட ஒருவர் இருக்க வேண்டும்.

இந்தியாவில் அக்கணக்கைப் போட வேண்டியவர்கள் தனித்தனிக் கட்டடங்களில் அமர்ந்திருந்தனர். சென்னையில் 1819இல் தொடங்கிய கண் மருத்துவமனை எழும்பூரில் நிலைகொண்டது. நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவை மருத்துவர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கினார். கார்ட்டிசோன் முதல் நோயாளியின் உடலில் செலுத்தப்பட்ட ஆண்டும் அதுவே. இரண்டு துறைகளும் சிறப்புற வளர்ந்தன. எட்டு அங்கங்களின் பழைய பகுப்பு, இருவேறு சீட்டுகளும் இருவேறு கோப்புகளுமாக நோயாளியின் கைப்பையில் நுழைந்தது.

கொச்சியில் இதன் எடை மிகுதி. எர்ணாகுளம் மாவட்டத்தில் அமிர்தா மருத்துவ நிறுவனத்தார் நடத்தி 2006இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வயதுவந்தோருள் 19.5 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவராயிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் சோதனைக்கு வரும்வரை தம் நோயை அறியாதவர்கள். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நாடளாவிய ஆய்வு கேரளத்தின் அளவை 25.5 விழுக்காடு என்றது. தமக்கு நீரிழிவு இருப்பதையே அறியாத ஒருவர், கண் சிவந்ததும் மருந்துக் கடையில் துளிமருந்து கேட்கிறார். மட்டாஞ்சேரியில் அதைச் செங்கண் என்பர். தமிழ்நாட்டில் மெட்ராஸ் ஐ. பெரும்பாலும் நச்சுயிரியால் வரும் இந்நோய் ஓரிரு வாரங்களில் தானே ஆறும். டெக்சாமெத்தசோன் மருத்துவச் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் உள்ளது. ஆயினும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்த துளி சீட்டின்றியே கைமாறும் பழக்கம் நாடெங்கும் உண்டு. விட்டதும் சிவப்பு குறைவதால் நோயாளிக்கு நிறைவு. எஞ்சிய குப்பி அலமாரியில் தங்கி, அடுத்த முறையும் அடுத்தவருக்கும் பயன்படுகிறது. சிவப்புக்குக் காரணம் அக்கி வகை நச்சுயிரியாயிருந்தால் அதே துளி கருவிழியை அரித்துவிடும். கண் அரிப்புக்கு ஆண்டுக்கணக்கில் இத்துளியை விட்டுக் கண் அழுத்த நோயால் பார்வை இழந்த சிறுவர்கள் இந்தியக் கண் மருத்துவமனைகளுக்குப் புதியவர் அல்லர்.

கணக்குத் தவறினால் என்ன நேரும் என்பதை 2021 காட்டிற்று. 2020 ஜூன் 16ஆம் நாள் பிரிட்டனின் ஆய்வு ஒன்று, உயிர்வளி தேவைப்படும் கொரோனா நோயாளிகளின் மரணத்தை டெக்சாமெத்தசோன் குறைக்கிறது என்று அறிவித்தது. அளவு நாளுக்கு 6 மில்லிகிராம், 10 நாட்கள் வரை. உயிர்வளி தேவைப்படாதவருக்கு அதனால் பயன் இல்லை என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. இரண்டாம் அலையின் பீதியில் பின்பகுதி மறக்கப்பட்டது. வீட்டில் இருந்தோரும் ஸ்டீராய்டு உண்டனர், மிகுதியாகவும் நெடுநாளும் உண்டனர். நீரிழிவு மிகுந்த நாட்டில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறிற்று. அந்நிலத்தில் முளைத்தது கருப்புப் பூஞ்சை நோய். மூக்கில் தொடங்கி, எலும்பறைகளைக் கடந்து, கண்குழியை அடைந்தது. உயிரைக் காக்கக் கண்ணையே அகற்ற வேண்டிய நிலை பலருக்கு வந்தது. 2021 மே மாதம் மைய அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டது. ஜூலை நடுப்பகுதிக்குள் 45,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 4,200க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

இந்நோயை விளைவிக்கும் பூஞ்சைகளுள் முதன்மையானது ரைசோபஸ் அர்ரைசஸ். 1952இல் கார்ட்டிசோனை மலிவாக்கிய அதே இனம். ஆலையில் மனிதனுக்கு ஸ்டீராய்டு செய்து கொடுத்த பூஞ்சை, ஸ்டீராய்டும் சர்க்கரையும் இளக்கிய உடலில் தன் இடத்தைக் கண்டுகொண்டது.

இவற்றால் ஸ்டீராய்டு நஞ்சு என்று கொள்வது பெரும்பிழை. கண்ணின் உள்ளழற்சியில் அதைத் தவிர்ப்பது பார்வையைத் தவறவிடுவதாகும். சர்க்கரைக்கு அஞ்சித் துளியைத் தாமே நிறுத்திவிடுவோருக்கு அழற்சி மீண்டும் மூண்டு கண் பாழான நிகழ்வுகளும் உண்டு. கேட்கப்படுவது ஒன்றே. கண் மருத்துவரிடம் நீரிழிவைச் சொல்லவும், நீரிழிவு மருத்துவரிடம் துளிமருந்தைச் சொல்லவும் வேண்டும். உண்ணும் மருந்துகளின் பட்டியலில் கண் மருந்தை எழுதுவோர் மிகச் சிலர். ஸ்டீராய்டு தொடங்கிய நாட்களில் காலையோடு நில்லாமல் மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், மாலையிலும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி ஊசி போட்டிருந்தால் சில நாட்கள் அதைத் தொடர வேண்டும். மருந்து குறையும்போது சர்க்கரையும் இறங்கும் என்பதால், கூட்டிய இன்சுலினை மருத்துவர் சொற்படி குறைக்கவும் வேண்டும். இல்லையேல் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. ஒரு துளி மட்டும் விட்டு, கண்ணை மென்மையாக மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரல்நுனியால் சில நிமிடம் அழுத்திக்கொண்டால், மூக்குக்கு இறங்கும் மருந்து பெரிதும் குறைகிறது. கண்ணுக்குக் கிடைப்பதும் கூடுகிறது. 1980களிலேயே ஆய்வில் நிறுவப்பட்ட இச்செய்கையை மருந்துக் கடையில் எவரும் சொல்லித் தருவதில்லை.

மட்டாஞ்சேரி, கொச்சி வீடுகளின் தோட்டங்களில் ‘இன்சுலின் செடி’ என்ற பெயரில் ஒரு செடி வளர்கிறது. நாளுக்கு ஓர் இலை மென்றால் சர்க்கரை குறையும் என்பது மக்கள் நம்பிக்கை. இட்டி அச்சுதன் காலத்துத் தொகுதியில் இடம்பெற்ற சண்ணக்கூவைக்கு அது நெருங்கிய உறவு. ஸ்டீராய்டுக்கு மூலப்பொருளாகத்தக்க டயாஸ்ஜெனினைத் தன் கிழங்கில் வைத்திருக்கும் செடியும், சர்க்கரைக்கு மருந்தெனப் பறிக்கப்படும் செடியும் ஒரே குடும்பத்தவை. தோட்டத்தில் அவை அருகருகே வளரலாம். மருத்துவச் சீட்டிலும் கண்ணும் சர்க்கரையும் ஒரே தாளில் எழுதப்பட வேண்டும்.